கடற்கரையில் வான் போட்டுத் தங்குவது: உப்புவெளி முதல் குச்சவெளி வரை

படுக்கையும் காஸ் அடுப்பும் வைத்த வானோடு திருகோணமலைக்கு வருகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, அலைக்குப் பக்கத்திலேயே நிறுத்தலாமா என்றுதான். வேண்டாம். மணல் கால் நடக்க, வான் நிற்க இறுகிய தரை. நான் இதைக் குச்சவெளியில் ஒரு பின்னேரம் படித்தேன், பின் சில்லு இரண்டும் அச்சு வரை புதைந்து, பக்கத்து மீனவர் வாடியில் இருந்தவர்கள் எட்டுப் பேர் வந்து தள்ளித்தான் வெளியே எடுத்தோம்.

முதலில் காலம். மே முதல் செப்டெம்பர் வரை எங்கள் பக்கக் கடல் படுத்துக் கிடக்கும். நவம்பர், டிசம்பர், ஜனவரியில் வாடைக்காற்றும் மழையும், அந்த நேரம் கரையில் தங்க நினைக்கவே வேண்டாம். கொழும்பிலிருந்து வருகிறவர்கள் ஹபரணையால் கந்தளாய் வழியாக வரும் ஏ6 பாதையைப் பகலிலேயே கடந்துவிடுங்கள், இருட்டினால் யானை ரோட்டில் நிற்கும்.

இடம் பிடிப்பதுதான் பாதி வேலை. உப்புவெளியில் விடுதிகள் நெருக்கம், கடை கண்ணி பக்கத்தில், முதல் தடவை வருகிறவர்களுக்கு அது வசதி. நிலாவெளி இன்னும் கொஞ்சம் அகலம். இறக்கக்கண்டிப் பாலம் தாண்டிக் குச்சவெளிப் பக்கம் போனால் ஆள் குறைவு, ஆனால் தண்ணீரும் நிழலும் நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். எங்கே என்றாலும் கேட்டுவிட்டு நிறுத்துங்கள். வெறும் காணி மாதிரிக் கிடப்பதற்கும் சொந்தக்காரர் இருப்பார். நான் பெரும்பாலும் சின்ன விடுதி ஒன்றில் பேசி, அவர்கள் வளவுக்குள் தென்னைக்குக் கீழே வானைப் போட்டு, குளியலறைக்கும் கறண்டுக்கும் சேர்த்து ஒரு காசு கொடுத்துவிடுவேன். குரும்பை விழாத மரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள்!

கரையோரமாக நிறுத்தத்தான் வேண்டும் என்றால் கரைவலைப் பாட்டை, அதாவது மீனவர்கள் கரையில் நின்று வலை இழுக்கும் இடத்தை, மறிக்காதீர்கள். வள்ளம் ஏற்றி வைத்திருக்கும் இடம், கயிறு சுருட்டிக் கிடக்கும் இடம், வாடிக்கு முன்னால் உள்ள வெளி, எல்லாம் அவர்களுடைய வேலைத்தலம். விடிய வலை இழுக்க வரும்போது நடுவில் உங்கள் வான் நின்றால் அன்றைய உழைப்பே கெட்டுப்போகும். முதல் நாள் பின்னேரமே போய், "அண்ணை, காலமை இதில வலை இழுப்பீங்களோ?" என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும், அவர்களே நல்ல இடம் காட்டுவார்கள், சில நேரம் மீனும் கிடைக்கும்.

அடம்பன் கொடி படர்ந்திருக்கும் கோட்டைப் பாருங்கள். அலை வழக்கமாக ஏறாத எல்லை அதுதான். கொடிக்கு மேல் ஏற்றாமல் அதற்கும் பின்னால் நில்லுங்கள், மணலைப் பிடித்து வைத்திருப்பதே அந்தக் கொடிதான். இங்கே வற்றுப்பெருக்கு முக்கால் மீற்றருக்குள் அடங்கிவிடும், அதனால் கடல் பெருகி வந்து வானைத் தொடும் பயம் நல்ல காலத்தில் இல்லை. ஆனாலும் ரோட்டுக்குப் போகும் வழியை ஒருபோதும் அடைத்துக்கொண்டு படுக்காதீர்கள். 2004 டிசம்பர் 26 சுனாமி இந்தக் கரையில் யாருக்கும் மறக்கவில்லை.

அப்புறம், வானின் முகத்தைத் தெற்கே பார்க்க வையுங்கள். எங்கள் வான்களின் கதவு இடது பக்கம், அப்படி நிறுத்தினால் கதவு கடலைப் பார்க்கும், பின்னேர வெயிலுக்கு வானின் நிழலே கதவுப் பக்கம் விழும், ஆனி ஆடியில் அடிக்கும் கச்சான் காற்றையும் வான் மறைத்துவிடும். கச்சான் தரையிலிருந்து கடலுக்கு வீசுகிற காற்று. அது வீசும்போது கடல் குளம் மாதிரித் தட்டையாக இருப்பதைப் பார்த்துப் பிள்ளைகளைக் காற்றடித்த மிதவையோடு இறக்கிவிடாதீர்கள், மிதவை வெளிக்கடலுக்குப் போய்க்கொண்டே இருக்கும், நீந்தித் திருப்ப ஏலாது. நிழலுக்கு விரித்த படங்கையும் படுக்கப் போகும் முன் மடக்கிவிட வேண்டும்.

புதைந்துவிட்டால் அக்சிலேட்டரை மிதிக்காதீர்கள், மிதிக்க மிதிக்க ஆழம்தான். எல்லோரையும் இறக்கி, சில்லுக்கு முன்னால் மணலைத் தோண்டிச் சரிவாக்கி, டயர் காற்றைப் பாதியளவு இறக்கி, தென்னோலையோ பலகையோ செருகி, இரண்டாம் கியரில் மெதுவாக எடுங்கள். ரோட்டில் ஏறியதும் திரும்பக் காற்று அடிக்க வேண்டும், அதனால் 12 வோல்ட் பம்ப் ஒன்று கட்டாயம்.

மின்சாரக் கணக்கு இலகு. 12 வோல்ட், 100 ஆம்பியர் மணி ஈயப் பற்றரியில் பாதிக்கு மேல் இறக்கக் கூடாது, ஆக கையில் 600 வாட் மணிதான். 45 வாட் குளிர்பெட்டி பாதி நேரம் ஓடினாலே நாளொன்றுக்கு 540 போய்விடும், ஃபானுக்கு மிச்சமில்லை. சோலார் தகடு வேண்டும், அல்லது வளவுக் கறண்ட். தண்ணீர் இரண்டு பேருக்கு நாளைக்கு 25 லீற்றர் வையுங்கள், கடலில் குளித்த உப்பைக் கழுவவும் அதுதான். காஸ் அடுப்பை யன்னல் மூடிய வானுக்குள் எரிக்காதீர்கள், குளிருக்காக எரிக்கும் ஊரும் இது அல்ல. 5 கிலோ சிலிண்டர் ஒரு வாரத்துக்குத் தாராளம்.

இரவில் கடல் பக்கம் வெளிச்சம் வேண்டாம். ஆமை முட்டையிட ஏறும் கரைகள் இவை, வெளிச்சத்தைக் கண்டால் தாய் ஆமை திரும்பிப் போகும், குஞ்சுகள் கடலை விட்டு லைட்டை நோக்கி ஊரும். குப்பையையும் கட்டி உள்ளே வைத்துவிடுங்கள். நகரப் பக்கம் நிறுத்தினால் இது இன்னும் முக்கியம், கோட்டையடிப் புள்ளிமான்கள் பையைக் கிழித்துப் பொலித்தீனையும் தின்றுவிடும். கழிவறைத் தண்ணீரை மணலில் ஊற்றவே கூடாது, பக்கத்துக் கிணறுகள் ஆழமில்லாதவை.

புறாமலைத் தீவுக்குப் போவதானால் வானை நிலாவெளியில் விட்டுப் படகில் காலையிலேயே போங்கள். அது தேசிய பூங்கா, இரவு தங்க முடியாது, முருகைக்கல்லில் கால் வைக்காதீர்கள். திரும்பி வந்ததும் வானின் அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரால் அடித்துக் கழுவுங்கள். உப்புக்காற்றில் மூன்று நாள் நின்ற வானுக்குக் கதவு இடுக்கும் பிரேக் பக்கமும்தான் முதலில் துருப்பிடிக்கும்.