கேப்பு டப்பா சேர்க்க ஆசையா?

கேப்பு என்பது பழைய துப்பாக்கியில் மருந்தைப் பற்றவைக்கும் சின்னச் செப்புக் குப்பி; அதை அடைத்து விற்ற தகர டப்பாதான் கேப்பு டப்பா. மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் இதைத் தேடுபவர்கள் முதலில் பழைய இரும்புக் கடைக்குப் போங்கள். தோட்டத் துரை பங்களாவைக் காலி செய்த சாமான் கடைசியில் அங்கேதான் வரும். பாசார் மாலாமில், அதாவது இரவுச் சந்தையில், கிடைப்பது பெரும்பாலும் புதுசு.

டப்பாவை எடுத்ததும் காதருகே மெல்லச் சாய்த்துப் பாருங்கள். உள்ளே சலசலத்தால் அதோடு நிறுத்துங்கள். மூடியை நெம்பவோ குலுக்கவோ வேண்டாம். அந்தச் செப்புக் குப்பிகளுக்குள் இருப்பது பாதரச ஃபல்மினேட், ஒரு தட்டில் வெடிக்கும். வயசானதால் செத்துப்போயிருக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். துப்பாக்கி, தோட்டாக்களைக் கட்டுப்படுத்தும் 1960 ஆயுதச் சட்டம் வேறு இருக்கிறது. இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு போலீசைக் கூப்பிடுங்கள். நமக்கு வேண்டியது காலி டப்பாதான்.

அப்புறம் லேபிள். தோட்டா தயாரித்த லண்டன் ஈலி பிரதர்ஸ் கம்பெனியும் பர்மிங்காம் கைனாக் கம்பெனியும் 1918-இல் ஒரே குழுமத்தில் சேர்ந்தன. தனிப் பெயர் மட்டும் இருந்தால் அதற்கு முந்தியதாக இருக்கலாம். பூதக்கண்ணாடியில் எழுத்தின் ஓரம் வண்ணப் புள்ளிகளாகச் சிதறினால் இப்போதைய நகல்.

லேபிளில் தண்ணீரோ மண்ணெண்ணெயோ படக் கூடாது. காய்ந்த பிரஷ் போதும். நம் ஊர் ஈரத்துக்கு, பிஸ்கட் டின்னில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். துரு நீக்கிப் பளபளவென்று தேய்த்த டப்பாவை நான் பாதி விலைக்குக்கூட வாங்க மாட்டேன்.