சர்ச்சையான தலைப்பில் ஆய்வுக் கட்டுரை: வாதத்தைக் கட்டும் முறை

'மரண தண்டனை வேண்டுமா, வேண்டாமா' என்று தொடங்கும் கட்டுரைகளில் பெரும்பாலானவை இரண்டாம் பக்கத்திலேயே தடம் புரள்கின்றன. அந்த ஒரு கேள்விக்குள் நாலைந்து கேள்விகள் சேர்ந்து கிடப்பதுதான் காரணம். அது கொலைகளைக் குறைக்கிறதா? நிரபராதி ஒருவருக்குத் தண்டனை நிறைவேறிவிடும் ஆபத்து எவ்வளவு? ஆயுள் சிறையைவிடச் செலவு கூடுதலா? உயிரைப் பறிக்கும் உரிமை அரசுக்கு உண்டா? முதல் மூன்றையும் தரவு கொண்டு பேசலாம். நான்காவது அறம் சார்ந்தது. எவ்வளவு புள்ளிவிவரம் அடுக்கினாலும் அதற்கு அவற்றிலிருந்து விடை வராது. 3000 சொல் கட்டுரை ஒன்றில் இவற்றில் ஒன்றைத்தான் உருப்படியாகக் கையாள முடியும்.

ஆகவே முதல் வேலை தலைப்பைப் பிரித்துப் போடுவது. ஒரு தாளில் தலைப்பை எழுதி, அதற்குள் இருக்கும் கேள்விகளை ஒவ்வொன்றாகக் கீழே எழுதுங்கள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் உண்மை (என்ன நடக்கிறது), காரணம் (எதனால் எது விளைகிறது), மதிப்பு (சரியா, தவறா), கொள்கை (என்ன செய்ய வேண்டும்) என்ற நான்கில் எந்த வகை என்று குறியுங்கள். கொள்கைக் கேள்வியை எடுத்தால் மற்ற மூன்றும் வால்பிடித்து வரும், இடம் போதாது. முதல் முறை எழுதுபவர்கள் காரணக் கேள்வி ஒன்றை எடுத்து, அதிலிருந்து பிறக்கும் சிறிய கொள்கை முடிவோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

மையக் கூற்று

கட்டுரை முழுவதையும் தாங்கும் ஒரு வாக்கியம் வேண்டும். 'மரண தண்டனை பற்றிப் பல கருத்துகள் நிலவுகின்றன' என்பதை யாரும் மறுக்கப்போவதில்லை. எனவே அது வாதமே இல்லை. 'மரண தண்டனை காட்டுமிராண்டித்தனம்' என்பதை மறுப்பார்கள், ஆனால் எந்தச் சான்றும் அதை அசைக்காது. இதைப் பாருங்கள்:

'மரண தண்டனை கொலைகளைத் தடுக்கிறது என்பதை இதுவரை வந்த ஆய்வுகள் நிறுவவில்லை. ஆகவே தடுப்பு விளைவைக் காரணம் காட்டி அதைத் தக்கவைப்பது பொருந்தாது.'

'தடுக்கவில்லை' என்று இது சொல்லவில்லை. 'நிறுவப்படவில்லை' என்றுதான் சொல்கிறது. இந்த வேறுபாட்டில்தான் கட்டுரையின் நேர்மை இருக்கிறது. நிறைவேற்றப்படும் ஒவ்வொரு மரண தண்டனையும் ஏறத்தாழ 8 கொலைகளைத் தடுக்கிறது என்ற மதிப்பீட்டைப் பொருளியலாளர் ஐசக் எர்லிக் 1975-இல் வெளியிட்டார். அதன்பின் ஆதரவாகவும் எதிராகவும் ஏராளமான ஆய்வுகள் வந்தன. அமெரிக்கத் தேசிய ஆய்வுக் குழு அவற்றை மொத்தமாகப் பரிசீலித்து 2012-இல் அறிக்கை தந்தது. தண்டனை கொலையைக் குறைக்கிறதா, கூட்டுகிறதா, ஒன்றும் செய்யவில்லையா என்பதை இந்த ஆய்வுகளைக் கொண்டு சொல்ல முடியாது, கொள்கை முடிவுகளுக்கு இவற்றைப் பயன்படுத்தக் கூடாது என்பதே அதன் முடிவு. இதே அறிக்கையை 'மரண தண்டனை குற்றத்தைக் குறைக்காது என்று நிரூபணமாகிவிட்டது' என்று மேற்கோள் காட்டும் கட்டுரைகளுக்குப் பஞ்சமில்லை. விஷயம் தெரிந்த வாசகர் அந்த வரியிலேயே நம்பிக்கை இழந்துவிடுவார்.

கூற்றை எழுதியதும் உங்களையே கேளுங்கள்: எந்தச் சான்று கிடைத்தால் இதைக் கைவிடுவேன்? பதில் இல்லையென்றால் உங்கள் கையில் இருப்பது நம்பிக்கை. அதை வைத்து நல்ல பத்திரிகைப் பத்தி எழுதலாம், ஆய்வுக் கட்டுரை எழுத முடியாது.

தேடலும் வாசிப்பும்

'மரண தண்டனையின் தீமைகள்' என்று தேடினால் தீமைகள்தான் கிடைக்கும். முதலில் நடுநிலையான சொற்களில் தேடுங்கள். பிறகு எதிர்த்தரப்பு தன் நிலையைக் குறிக்கப் பயன்படுத்தும் சொற்களிலேயே தேடுங்கள். சர்ச்சையான விஷயங்களில் இரு தரப்பும் ஒரே பொருளை வேறு வேறு பெயரில் அழைப்பதால், ஒரு பெயரில் மட்டும் தேடுபவருக்குப் பாதி ஆய்வுகள் கண்ணில் படுவதே இல்லை.

தனி ஆய்வுகளுக்கு முன், அந்தத் தலைப்பில் வந்த ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் மீளாய்வுக் கட்டுரை ஒன்றைப் படியுங்கள். அதன் மேற்கோள் பட்டியலிலிருந்து பழைய ஆய்வுகளுக்குப் போகலாம். கூகுள் ஸ்காலரில் அதை மேற்கோள் காட்டியவற்றின் இணைப்பைச் சொடுக்கினால் அதற்குப் பின் வந்தவை கிடைக்கும். 3000 சொல் கட்டுரைக்கு 12 முதல் 15 மூலங்கள் போதும். அவற்றில் குறைந்தது நாலைந்து உங்களுக்கு எதிரானவையாக இருக்கட்டும். மேற்கோள் விவரங்களைத் திரட்டி வைக்கும் ஸோட்டெரோ போன்ற மென்பொருளில் மூலங்களை முதல் நாளிலிருந்தே சேமித்துவிடுங்கள். கடைசி இரவில் பக்க எண் தேடி அலையும் வேலை மிச்சம்.

ஒவ்வொரு மூலத்துக்கும் நான்கு நெடுவரிசைகள் கொண்ட அட்டவணை ஒன்று போடுங்கள்: என்ன சொல்கிறது, எப்படி அளந்தார்கள், எந்த இடம்–எந்த ஆண்டு–எத்தனை பேர், ஆசிரியரே ஒப்புக்கொள்ளும் குறைகள் எவை. இரண்டாவது நெடுவரிசையைத்தான் பலரும் காலியாக விடுகிறார்கள். அது ஏன் முக்கியம் என்பதற்குக் குறைந்தபட்சக் கூலி பற்றிய விவாதம் நல்ல உதாரணம். 1992 ஏப்ரலில் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலம் குறைந்தபட்சக் கூலியை மணிக்கு 4.25 டாலரிலிருந்து 5.05 டாலராக உயர்த்தியது. பொருளியலாளர்கள் டேவிட் கார்டும் ஆலன் குரூகரும் அந்த மாநிலத்திலும் அண்டையிலிருக்கும் கிழக்குப் பென்சில்வேனியாவிலும் 410 துரித உணவகங்களில், உயர்வுக்கு முன்னும் பின்னும் விவரம் திரட்டினார்கள். வேலைவாய்ப்பு குறைந்ததற்கு அடையாளம் இல்லை என்று 1994-இல் எழுதினார்கள். அவர்கள் தொலைபேசியில் கேட்டது ஊழியர் எண்ணிக்கையை. வேறு இரு பொருளியலாளர்களான நியூமார்க்கும் வாஷரும் சம்பளப் பதிவேடுகளிலிருந்து வேலை நேரத்தை எடுத்து, வேலைவாய்ப்பு குறைந்தது என்று 2000-இல் எழுதினார்கள். கார்டும் குரூகரும் அதே ஆண்டில் அரசுப் பதிவுகளைக் கொண்டு பதில் சொன்னார்கள்.

இதை 'சில ஆய்வுகள் ஆம் என்கின்றன, சில இல்லை என்கின்றன' என்று எழுதினால் வாசகருக்கு ஒன்றும் கிடைக்காது. ஒருவர் தலையை எண்ணினார், மற்றவர் மணியை எண்ணினார் என்று எழுதுங்கள். எந்த அளவீடு உங்கள் கேள்விக்குப் பொருந்துகிறது என்று அடுத்த வரியில் சொல்லுங்கள். வாதம் அங்கேதான் தொடங்குகிறது.

எண்ணின் அளவையும் விடாதீர்கள். 'தொடர்பு கண்டறியப்பட்டது' என்பது பாதிச் செய்திதான். பதின்பருவத்தினரின் டிஜிட்டல் பயன்பாடு பற்றி 2019-இல் ஆர்பென், ப்ரிசிபில்ஸ்கி என்ற ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வில் அந்தப் பயன்பாட்டுக்கும் அவர்களின் நலனுக்கும் இடையே எதிர்மறைத் தொடர்பு தென்பட்டது உண்மை. ஆனால் நலனில் காணும் வேறுபாட்டில் அது விளக்கியது அதிகபட்சம் 0.4 சதவீதம்.

மூலம் இன்னும் செல்லுபடியாகிறதா என்பதையும் பார்க்க வேண்டும். தடுப்பூசியையும் ஆட்டிசத்தையும் முடிச்சுப் போட்ட கட்டுரை 1998-இல் லான்செட் என்ற மருத்துவ ஆய்விதழில் வந்தது; அது 12 குழந்தைகளை மட்டும் வைத்து எழுதப்பட்டது. 2010-இல் இதழே அதைத் திரும்பப் பெற்றது. இன்றும் அது மேற்கோளாக வலம் வருகிறது. ஆய்விதழின் சொந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். செயற்கை நுண்ணறிவுக் கருவி கொடுத்த மேற்கோள் என்றால் அப்படி ஒரு கட்டுரை இருக்கிறதா என்பதிலிருந்தே தொடங்குங்கள்.

சான்றுக்கும் முடிவுக்கும் நடுவே

தத்துவவாதி ஸ்டீபன் டூல்மின் 1958-இல் சுட்டிக்காட்டிய ஒன்று இங்கே கைகொடுக்கும்: சான்றிலிருந்து முடிவுக்குத் தாவும்போது சொல்லாமல் விட்ட ஓர் அனுமானம் நடுவில் நிற்கிறது. 'தடுப்பு விளைவு நிறுவப்படவில்லை' என்பதிலிருந்து 'தக்கவைப்பது பொருந்தாது' என்பதற்கு எப்படிப் போனோம்? 'திருத்த முடியாத தண்டனை ஒன்றை விதிக்க விரும்பும் அரசுதான் அதன் பயனை நிறுவ வேண்டும்' என்ற அனுமானத்தின் மேல் ஏறித்தான். இதை ஏற்காத ஒருவர், 'தடுக்கவில்லை என்று நீ நிறுவு' என்று திருப்பிக் கேட்பார். சர்ச்சைகளில் சண்டை பெரும்பாலும் தரவில் இல்லை, இந்த மறைந்த வரியில்தான். அதை வெளியே எடுத்து எழுதுங்கள், அதற்கும் ஒரு பத்தி காரணம் கொடுங்கள்.

எதிர்வாதம்

தமிழ்ச் சாத்திர நூல்களில் பரபக்கம் (பிறர் கொள்கை) முன்னே வரும், சுபக்கம் (தன் கொள்கை) பின்னே வரும். இன்றைய கட்டுரைகளோ எதிர்த்தரப்பை முடிவுரைக்கு முந்தைய பத்தியில் சடங்காகத் தொட்டுவிட்டு நகர்கின்றன:

'சிலர் மரண தண்டனை குற்றங்களைக் குறைக்கும் என்று நினைக்கிறார்கள். ஆனால் அது தவறு.'

யார் அந்தச் சிலர்? எங்கே சொன்னார்கள்? மாற்றி எழுதினால்:

'தண்டனை மிகக் கடுமையாக இருந்தால் கொலைக்குத் துணிபவர்களில் சிலராவது பின்வாங்குவார்கள். அதனால் காப்பாற்றப்படும் உயிர்களையும் கணக்கில் சேர்க்க வேண்டும் என்பது ஆதரவாளர்களின் வலுவான வாதம். தர்க்கத்தில் பிழையில்லை. ஆனால் ஆயுள் சிறைக்கு அஞ்சாத ஒருவர் மரண தண்டனைக்கு அஞ்சுவார் என்பதை அது முன்கூட்டியே எடுத்துக்கொள்கிறது. காட்ட வேண்டியது அந்தக் கூடுதல் விளைவைத்தான்.'

இதன் கீழே ஆதரவாளர் ஒருவரின் ஆய்வை மேற்கோளாகக் கொடுங்கள். எதிர்வாதத்துக்கு மூன்று விதமாகப் பதில் சொல்லலாம்: ஒப்புக்கொள்வது, அது பொருந்தும் எல்லையைக் குறுக்குவது, மறுப்பது. எல்லா எதிர்வாதத்துக்கும் மறுப்பையே பதிலாக எழுதும் கட்டுரை துண்டறிக்கை போலத் தோன்றும். மேலே உள்ள கூற்று, 'குற்றத்துக்கு ஈடான தண்டனை' என்று நீதியின் பேரில் ஆதரிப்பவர்களைத் தொடவே இல்லை. அதையும் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள்.

வாசகர்கள் பெரும்பாலும் எதிர்த்தரப்பினர் என்றால் இந்தப் பகுதியை முன்னுக்குக் கொண்டுவருவது நல்லது. இல்லையேல் சான்றுகளுக்குப் பிறகு வைக்கலாம்.

அளவும் மொழியும்

3000 சொற்கள் என்றால் அறிமுகம் 300, பின்னணி 400, சான்றுகள் 1200, எதிர்வாதமும் பதிலும் 700, விளைவுகளும் எல்லைகளும் 400 என்று பிரித்துக்கொள்ளுங்கள். பின்னணி வீங்குவதுதான் வழக்கமான நோய்: ஆதிகாலத்திலிருந்து வரலாறு சொல்லத் தொடங்கினால் வாதத்துக்கு இடம் இருக்காது.

'நிரூபித்தது' என்ற சொல்லைத் தேடி, ஒவ்வோர் இடத்திலும் 'காட்டுகிறது', 'சுட்டுகிறது' என்பவற்றில் எது தகும் என்று பாருங்கள். 'கொடூரமான', 'வெட்கக்கேடான' போன்ற அடைமொழிகளை எடுத்த பிறகும் வாக்கியம் நின்றால் அவை தேவையில்லை. விழுந்தால் அங்கே சான்று இல்லை.

வரைவு முடிந்ததும் உங்கள் கருத்தை ஏற்காத ஒருவரிடம் எதிர்வாதப் பகுதியை மட்டும் கொடுங்கள். 'இது உங்கள் நிலைதானா?' என்று மட்டும் கேளுங்கள். 'இல்லை' என்று அவர் திருத்தும் வரிகளை அப்படியே குறித்துக்கொண்டு அந்தப் பகுதியைத் திரும்ப எழுதுங்கள். ஆய்வுச் சுருக்கத்தையும் தலைப்பையும் அதற்குப் பிறகு எழுதினால் போதும்.