கத்தோலிக்க உயர்நிலைப் பள்ளியைப் புதிய குடும்பங்களுக்கு அறிமுகப்படுத்துவது எப்படி?

தமிழ்நாட்டில் ஐந்தாம் வகுப்பை முடிக்கவிருக்கும் பிள்ளையை அடுத்து எங்கே சேர்ப்பது என்று குடும்பங்கள் பேசத் தொடங்குவது பெரும்பாலும் மாசி, பங்குனி மாதங்களில்தான். அந்த நேரத்தில் தன்னைப் பற்றிச் சொல்ல முன்வரும் ஒரு கத்தோலிக்கப் பள்ளி, கேட்க வருகிறவர்களில் பலர் கத்தோலிக்கர் அல்லர் என்பதை மனத்தில் கொண்டு பேச வேண்டும். அவர்களுக்குள் சில கேள்விகள் இருக்கும். தாளாளர் முன்னால் அவற்றைக் கேட்கக் கூச்சமும் இருக்கும். அந்தக் கேள்விகளுக்குப் பள்ளியே முந்திக்கொண்டு பதில் சொல்லிவிடுவதுதான் நல்ல அறிமுகம். கட்டடங்களும் தேர்ச்சி விழுக்காடும் அதற்குப் பின்னால் வரலாம். அரசு உதவிபெறும் பள்ளிகளை முன்வைத்து இது எழுதப்படுகிறது என்றாலும், மெட்ரிக் பள்ளிகளுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

முதலில் ஆசிரியர்களுக்குள் ஒரே பதில்

பெற்றோரை அழைப்பதற்கு முன்பு ஆசிரியர்கள், அலுவலகப் பணியாளர்கள், வாயிற்காவலர் ஆகிய எல்லாரையும் ஒருமுறை உட்காரவைத்துப் பேச வேண்டும். வாயிற்காவலரை ஏன் சேர்க்க வேண்டும் என்றால், வருகிறவர் முதலில் விசாரிப்பது அவரிடம்தான். அவர் "இந்த வருஷம் சீட்டெல்லாம் முடிஞ்சுபோச்சு" என்று சொல்லி அனுப்பிவிட்டால், உள்ளே அச்சடித்து வைத்திருக்கும் வண்ணக் கையேட்டை யாரும் பார்க்கப்போவதில்லை.

அந்தக் கூட்டத்தில் ஒரே பக்க அளவில் ஒரு தாள் தயாராக வேண்டும். பள்ளியை நடத்துவது மறைமாவட்டமா, துறவற சபையா. ஆண்களுக்கா, பெண்களுக்கா, இருபாலருக்குமா. பத்தாம் வகுப்போடு முடியும் உயர்நிலைப் பள்ளியா, பன்னிரண்டு வரை உள்ள மேல்நிலைப் பள்ளியா. தமிழ் வழிப் பிரிவுகள் எத்தனை, ஆங்கில வழிப் பிரிவுகள் எத்தனை, அவற்றில் எவை அரசு உதவி பெறுபவை, எவை சுயநிதியில் நடப்பவை என்பன அதில் தெளிவாக இருக்க வேண்டும். பத்தாம் வகுப்போடு முடியும் பள்ளியானால், பிள்ளைகள் அதற்குப் பிறகு எந்தெந்தப் பள்ளிகளுக்குப் போகிறார்கள், அங்கே அறிவியல், வணிகவியல், தொழிற்கல்விப் பிரிவுகளில் இடம் எப்படிக் கிடைக்கிறது என்பதையும் சேர்க்க வேண்டும். ஐந்து ஆண்டுகள் கழித்து மீண்டும் பள்ளி தேடி அலைய வேண்டுமோ என்ற கவலையை இந்த ஒரு பத்தி தீர்த்துவிடும்.

ஊரில் ஆர்.சி. ஸ்கூல் (ரோமன் கத்தோலிக்கப் பள்ளி), சி.எஸ்.ஐ. ஸ்கூல் (சீர்திருத்தச் சபையான தென்னிந்தியத் திருச்சபையின் பள்ளி) என்று பிரித்துச் சொல்லப் பழகியவர்களும் உண்டு. எல்லாவற்றையும் கிறிஸ்தவப் பள்ளி என்று ஒன்றாக எண்ணிக்கொள்பவர்களும் உண்டு. பின்னவர்களுக்கு, கத்தோலிக்கப் பள்ளி என்றால் ஆயரின் மேற்பார்வையில் உள்ள மறைமாவட்டமோ ஒரு துறவற சபையோ நடத்தும் பள்ளி என்று இரண்டு வரிகளில் சொன்னால் போதும்.

சமயம் பற்றிய கேள்வி

அதிகம் நேரம் செலவிட வேண்டிய இடம் இதுவே. "எங்க பிள்ளையையும் ஜெபம் பண்ணச் சொல்வீங்களா சிஸ்டர்?" என்று வெளிப்படையாகக் கேட்கும் தாய் நூற்றில் ஒருவர்தான், மற்றவர்கள் கேட்காமலே முடிவெடுத்துவிடுவார்கள். அரசியலமைப்புச் சட்டத்தின் 30ஆவது பிரிவு சிறுபான்மையினருக்குத் தங்கள் விருப்பப்படி கல்வி நிறுவனங்களை நிறுவி நடத்தும் உரிமையைத் தருகிறது. அதே சட்டத்தின் 28(3) பிரிவு, அரசின் அங்கீகாரமோ நிதியுதவியோ பெற்ற பள்ளியில் படிக்கும் சிறார் எவரையும் பெற்றோர் அல்லது காப்பாளரின் சம்மதமின்றிச் சமயப் போதனையிலோ வழிபாட்டிலோ பங்கேற்கக் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது. இரண்டையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். முதலாவதை மட்டும் சொன்னால் அது அதட்டலாகக் கேட்கும். இரண்டாவதை மட்டும் சொன்னால் பள்ளி தன் அடையாளத்தை மறைப்பதாகத் தோன்றும்.

இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவையின் கல்வி அலுவலகம் 2024இல் தன் பள்ளிகளுக்கு அனுப்பிய வழிகாட்டுதலில், பிற சமய மாணவர்மீது கிறிஸ்தவ மரபுகளைத் திணிக்கக் கூடாது என்றும், காலைக் கூட்டத்தில் அரசியலமைப்பின் முகப்புரையை வாசிக்கலாம் என்றும், எல்லாச் சமயத்தவருக்குமான பிரார்த்தனை அறை ஒன்று அமைக்கலாம் என்றும் கூறியிருக்கிறது. உங்கள் பள்ளி இவற்றில் எதைச் செய்கிறதோ அதை மட்டும் சொல்லுங்கள். செய்யாததைச் சொன்னால் ஜூன் மாதத்தின் முதல் வாரத்திலேயே பிள்ளை வீட்டில் போய்ச் சொல்லிவிடும்.

சட்டத்தைவிட அன்றாட நடைமுறைதான் பெற்றோருக்கு முக்கியம். காலைக் கூட்டத்தில் என்ன பாடப்படுகிறது, கத்தோலிக்க மாணவர் மறைக்கல்விக்கு (தங்கள் சமயப் பாடத்துக்கு) போகும் பாடவேளையில் மற்றவர்கள் நன்னெறி வகுப்பில் என்ன படிக்கிறார்கள், திருப்பலி நடக்கும் நாளில் ஏனையோர் எங்கே இருப்பார்கள் என்பதைக் கால அட்டவணையைக் காட்டியே விளக்கலாம். பொட்டு வைக்கலாமா, பூச்சூடலாமா, கார்த்திகையில் ஐயப்பனுக்கு மாலை போட்ட பையன் செருப்பில்லாமல் வரலாமா, ஹிஜாப் அணியலாமா, ரமலான் நோன்பிருக்கும் பிள்ளைக்கு விளையாட்டு வேளையில் ஓய்வு உண்டா என்ற ஐந்து கேள்விகளுக்கும் ஆசிரியர்கள் எல்லாரும் ஒரே பதில் தர வேண்டும். தலைமையாசிரியை "அதனாலென்ன" என்று சிரித்துக்கொண்டே சொன்னதை வகுப்பாசிரியை ஜூலையில் மறுக்கும்போது, குடும்பத்துக்குப் பள்ளியின்மீது இருந்த நம்பிக்கை அன்றோடு போய்விடுகிறது. ஏதாவது ஒன்றை அனுமதிப்பதில்லை என்றால் அதையும் சேர்க்கைக்கு முன்பே சொல்லிவிடுவது நல்லது. அதைக் கேட்டு வேறு பள்ளிக்குப் போகிறவர் மனக்கசப்பில்லாமல் போவார்.

கத்தோலிக்கக் குடும்பங்களின் கேள்விகள் வேறு. பங்குத்தந்தையின் கடிதம் இருந்தால் இடம் உறுதியா, திருமுழுக்குச் சான்றிதழ் வேண்டுமா, கட்டணத்தில் சலுகை உண்டா என்று கேட்பார்கள். முன்னுரிமை உண்டு என்றால் அதன் அளவை எழுத்தில் வையுங்கள். முதல் நற்கருணைக்கும் உறுதிப்பூசுதலுக்கும் பிள்ளைகளைத் தயாரிப்பது பங்கின் பொறுப்பா, பள்ளியும் உதவுமா என்பதையும் தெளிவுபடுத்த வேண்டும். சீர்திருத்தச் சபைக் குடும்பத்துப் பிள்ளை மறைக்கல்விக்குப் போவதா, நன்னெறி வகுப்புக்குப் போவதா என்பதைப் பல பள்ளிகள் யோசித்திருப்பதேயில்லை. அதையும் பெற்றோர் விருப்பத்துக்கு விடுவதே முறை.

பணமும் அரசுத் திட்டங்களும்

உதவிபெறும் பிரிவில் கல்விக் கட்டணம் கிடையாது என்பதைத் தெளிவாக எழுதிவிட்டு, பெற்றோர் ஆசிரியர் கழகச் சந்தா, சீருடை, குறிப்பேடுகள், வாகனம், விடுதி ஆகியவற்றுக்கு ஓராண்டில் ஆகும் மொத்தத் தொகையை ஒரே எண்ணாகக் கூட்டிக் காட்ட வேண்டும். மெட்ரிக் பள்ளியானால், 2009ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த கட்டண நிர்ணயக் குழு உங்கள் பள்ளிக்கு நிர்ணயித்த தொகையைப் பலகையில் ஒட்டுங்கள். கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் பள்ளிகளில் நலிந்த பிரிவினருக்கு ஒதுக்கப்படும் 25 விழுக்காட்டு இடங்களைக் கேட்டு வருவோரும் உண்டு; அது நுழைவு வகுப்புக்கு உரியது என்பதையும், சிறுபான்மைப் பள்ளிகளை அச்சட்டம் கட்டுப்படுத்தாது என்று 2014இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருப்பதையும் பொறுமையாகச் சொல்லி அனுப்ப வேண்டும்.

பிள்ளையின் பிற்காலத்தைத் தொடும் செய்திகள் சிலவற்றைச் சொல்லப் பள்ளிகள் தயங்குகின்றன, அவற்றில் ஒன்று தங்களுக்குப் பாதகமானது என்பதால். மருத்துவப் படிப்பில் 2020 முதல் நடைமுறையில் உள்ள 7.5 விழுக்காட்டு உள்ஒதுக்கீடு ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கானது. உதவிபெறும் பள்ளி மாணவர்க்கு அது கிடையாது. மகளை மருத்துவராக்க நினைக்கும் தந்தை இதை ஆறாம் வகுப்பிலேயே அறிந்திருக்க வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பில் அறிந்தால் அவர் பள்ளியைத்தான் நொந்துகொள்வார். மறுபக்கம், கல்லூரி செல்லும் மாணவியருக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2024-25 முதல் உதவிபெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் விரிவுபடுத்தப்பட்டிருக்கிறது. ஆண் மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் அவ்வாறு படித்தவர்களுக்கு இடமுண்டு. தமிழ் வழியில் படித்தவர்களுக்கு அரசுப் பணி நியமனத்தில் 20 விழுக்காட்டு முன்னுரிமையும் இருக்கிறது. ஆகவே தமிழ் வழியா, ஆங்கில வழியா என்ற தேர்வை அலுவலக மேசையில் இரண்டு நிமிடத்தில் முடிக்கச் சொல்லக் கூடாது. விலையில்லாப் பாடநூல், பேருந்துப் பயண அட்டை, பதினொன்றாம் வகுப்பில் மிதிவண்டி ஆகியவை எந்தப் பிரிவுக்கு உண்டு, எதற்கு இல்லை என்பதையும் இதே இடத்தில் சொல்லலாம். அரசாணைகள் மாறிக்கொண்டே இருப்பதால், இந்தத் தாளை ஒவ்வோர் ஆண்டும் பிப்ரவரியில் திருத்த ஒருவரை நியமிக்க வேண்டும்.

வரலாற்றை எவ்வளவு சொல்வது

நூற்றாண்டு கடந்த பள்ளிகளுக்கு இதில் ஒரு பலவீனம் உண்டு: நிறுவிய ஆண்டு, அடிக்கல் நாட்டியவர், வரிசையாக வந்த தாளாளர்கள் என்று அரைமணி நேரம் போய்விடும். பள்ளி எந்தத் தேவைக்காகத் தொடங்கியது, அந்தத் தேவை இன்று வகுப்பறையில் எப்படி இருக்கிறது என்பதை மட்டும் சொன்னால் போதும். 1897இல் பெல்ஜியத்திலிருந்து கன்னியாகுமரி மாவட்டத்து முளகுமூட்டுக்கு வந்த அருட்சகோதரி மரி லூயிஸ் தெ மெஸ்தர் அங்கே ஆதரவற்ற சிறுமிகளைக் கவனிக்கும் பணியில் இறங்கினார், ஐ.சி.எம். சகோதரிகள் சபை அப்படித்தான் உருவானது. அச்சபையின் பள்ளி இக்கதையைச் சொல்லும்போது, தாய்தந்தையற்ற பிள்ளைகளுக்கு இன்று விடுதியில் எத்தனை இடங்கள் உண்டு என்பதையும் தொடர்ந்து சொன்னால்தான் கதைக்கு மதிப்பு. 1906இல் தஞ்சாவூருக்கு வந்த சலேசியர்களின் பள்ளி என்றால், அறிவு, சமயம், அன்பு என்று அச்சபையின் நிறுவனர் தொன் போஸ்கோ வகுத்த முறையில் அடிக்கும் தண்டனைக்கு இடமில்லை என்பதைச் சொல்லி, தவறு செய்யும் மாணவனை இப்போது எப்படி நடத்துகிறார்கள் என்று விளக்கலாம். இயேசு சபைப் பள்ளியும் லசால் சகோதரர்களின் பள்ளியும் அவரவர் மரபைச் சொல்லட்டும். ஐந்து நிமிடங்களுக்கு மேல் வேண்டாம்.

அறிமுக நாள்

வார நாளில் வைத்தால் கூலி வேலைக்குப் போகிறவர்களால் வர முடியாது. சனிக்கிழமை காலை பொதுவாக ஏற்றது. கடலோரக் கத்தோலிக்க ஊர்களில் ஞாயிற்றுக்கிழமை மீனவர்கள் கடலுக்குப் போவதில்லை என்பதால், அங்கே ஞாயிறு திருப்பலிக்குப் பிந்தைய நேரம் கூடுதல் பயன் தரும். பங்கில் அறிவிப்பு வாசித்தால் கத்தோலிக்கருக்கு மட்டுமே போய்ச்சேரும். சுற்றியுள்ள தொடக்கப் பள்ளிகளின் தலைமையாசிரியர்களை நேரில் போய் அழைத்து, அவர்கள் வழியாக ஐந்தாம் வகுப்புப் பெற்றோருக்கு அழைப்பு போக வேண்டும்.

மேடைப் பேச்சு இருபது நிமிடம். பொன்னாடை போர்த்துவதை அன்று ஒருநாள் விட்டுவிடலாம். 2017இல் அரசே தர வரிசை அறிவிப்பதை நிறுத்திவிட்ட பிறகும் முதல் மூன்று மாணவரின் படத்தை வாயிலில் பிளெக்ஸில் தொங்கவிடும் பள்ளிகள், சராசரி மாணவனின் தாய்க்கு அந்தப் பலகை என்ன சொல்கிறது என்று நினைத்துப் பார்க்க வேண்டும். கணக்கில் 40 மதிப்பெண் வாங்கும் பிள்ளைக்கு மாலையில் என்ன உதவி கிடைக்கும் என்பதே அவர் கேட்க விரும்புவது.

பிறகு ஏழாம் வகுப்பு மாணவர்கள் குடும்பங்களைச் சிறு குழுக்களாகச் சுற்றிக் காட்டட்டும். மனப்பாடம் செய்து ஒப்பிக்கவைக்க வேண்டாம். போன ஆண்டு தங்களுக்கு எது பயமாக இருந்தது என்று சொன்னாலே போதும். வழியில் ஆறாம் வகுப்பறை, குடிநீர்க் குழாய், கழிப்பறை, மதிய உணவு சாப்பிடும் இடம் ஆகியவை கட்டாயம் இருக்க வேண்டும். பெண் பிள்ளையை அழைத்துவந்த தாய் கழிப்பறைக் கதவின் தாழ்ப்பாளைத் தள்ளிப் பார்ப்பார். தாழ்ப்பாள் சரியாக விழாமல் போனால் நீங்கள் சொன்ன மற்றவற்றை அவர் நம்பமாட்டார். சிற்றாலயத்தைக் கடந்து போகும்போது, விரும்புகிறவர் உள்ளே போகலாம் என்று சொல்லிவிட்டு மாணவர்கள் வெளியே காத்திருக்கட்டும்.

பெற்றோர் சுற்றிப் பார்க்கும் நேரத்தில் வந்த பிள்ளைகளுக்கு ஓர் உண்மையான பாடவேளை நடத்துங்கள். மஞ்சள் பூசி உலர்த்திய தாளில் சோப்பு நீரைத் தொட்டால் சிவக்கும், எலுமிச்சைச் சாற்றைத் தொட்டால் நிறம் மாறாது. சிவந்த இடத்தில் எலுமிச்சைச் சாற்றை விட்டால் என்ன ஆகும் என்ற கேள்வியோடு ஆளுக்கொரு தாளைக் கொடுத்து உட்காரவைத்தால், அரைமணி நேரத்தில் பள்ளியைப் பற்றிப் பிள்ளை தானே ஒரு முடிவுக்கு வந்துவிடும். வீட்டில் முடிவெடுப்பதில் அதன் குரலுக்கு இன்று நல்ல எடை இருக்கிறது.

பாதுகாப்பைப் பற்றியும் அன்றே பேச வேண்டும். ஒரு மாணவியோ மாணவனோ ஆசிரியர்மீது அல்லது துறவியர்மீது புகார் சொல்ல நேர்ந்தால் பள்ளிக்குள் யாரிடம் போகலாம், பள்ளியைச் சாராத 1098 (குழந்தைகள் உதவி எண்), 14417 (பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண்) ஆகியவை எங்கே எழுதப்பட்டிருக்கின்றன, சிறாரைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டப்படி புகார் காவல்துறைக்குத் தெரிவிக்கப்படும் என்பவற்றைத் தலைமையாசிரியரே தம் வாயால் சொல்ல வேண்டும். திருச்சபைக்குள்ளேயே பேசி முடித்துவிடுவார்கள் என்ற ஐயம் மக்களிடம் இருக்கிறது. அதைத் தீர்க்க வேறு வழியில்லை.

விண்ணப்பமும் பதிலும்

விண்ணப்பத்தில் தேவைக்கு மேல் எதையும் கேட்க வேண்டாம். மாற்றுச் சான்றிதழ், எமிஸ் எண் (பள்ளிக் கல்வித் துறை ஒவ்வொரு மாணவருக்கும் தரும் பதிவு எண்), சாதிச் சான்றிதழ், ஆதார் நகல் ஆகியவற்றில் எது விண்ணப்பத்தோடு வேண்டும், எதைச் சேர்ந்த பிறகு தரலாம் என்று பிரித்து எழுதினால் பாதிக் குழப்பம் தீரும். எழுதப் படிக்கத் தெரியாத பெற்றோருக்காக உதவி மேசை ஒன்றில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த முன்னாள் மாணவியர் இருவரை உட்காரவைக்கலாம். பெற்றோரை நேர்காணல் செய்யும் வழக்கம் இருந்தால் அதை நிறுத்திவிடுங்கள்; படிக்காத தந்தையை நாற்காலி நுனியில் உட்காரவைத்து ஆங்கிலத்தில் கேள்வி கேட்பதற்கும் ஏழைகளுக்கென்று தொடங்கிய பள்ளிக்கும் ஒத்துவராது.

இடம் உண்டு, இல்லை என்ற பதிலை எந்தத் தேதியில் தருவீர்கள் என்பதை விண்ணப்பத்திலேயே அச்சிட வேண்டும். இடம் இல்லாதவர்களுக்கும் அதே நாளில் தொலைபேசியில் சொல்லிவிட வேண்டும். "பார்க்கலாம், மே கடைசியில் வாங்க" என்று இழுத்தடித்தால், ஜூனில் பள்ளி திறப்பதற்குள் அவர்கள் வேறு பள்ளி தேட நேரம் இருக்காது. காத்திருப்புப் பட்டியல் வைத்திருந்தால் அதில் எத்தனையாவது இடம் என்பதையும் சொல்லி, அருகில் உள்ள அரசுப் பள்ளியின் பெயரையும் சேர்க்கைத் தேதியையும் கூடவே சொல்லி அனுப்புங்கள்.