மூன்றடியில் தவறிய பந்து

வருஷத்துக்கு இரண்டு தடவை கொடைக்கானலில் கோல்ஃப் ஆடுவேன். மற்ற நாளெல்லாம் திருவையாற்று வீட்டு முற்றம்தான். தூர அடியில் குறையில்லை. ஆனால் குழிக்கு மூன்றடி இருக்கும்போது பந்து விளிம்பை உரசிக்கொண்டு வெளியே ஓடிவிடும். அந்த வேதனையை அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும்.

பந்தைக் குழிக்குள் உருட்டும் மட்டையான பட்டரைக் கூட மாற்றிப் பார்த்தேன், பிரயோஜனமில்லை. கடைசியில் அக்கா மகன் போனில் படம் பிடித்துக் காட்டினான்: "மாமா, பந்து கிளம்புறதுக்கு முன்னாடியே தலையைத் தூக்கிடுறீங்க." தலை தூக்கினால் தோள் திரும்பும், பட்டரின் முகமும், அதாவது பந்தில் படும் தட்டைப் பக்கமும், திரும்பிவிடும். பந்து போகும் திசையைப் பெரும்பாலும் தீர்மானிப்பது அந்த முகம்தான்.

முற்றத்தில் பழகிப் பார்க்கக் கோரைப்பாய் சரிப்படவில்லை, பின்னல் வரியைப் பிடித்துக்கொண்டு பந்து ஓடுகிறது. ஜமுக்காளம் விரித்து, பட்டர் தலை மட்டும் நுழையும் இடைவெளியில் இரண்டு செங்கல் வைத்தேன். எதிரே படுக்க வைத்த எவர்சில்வர் டம்ளர். அடித்ததும் நிமிராமல், 'டங்' என்ற சத்தம் காதில் விழும்வரை பந்து இருந்த இடத்தையே பார்ப்பேன். அறுவடை முடிந்து தை முழுக்க, தினமும் ஐம்பது பந்து.

கோல்ஃப் குழியின் அகலம் 4.25 அங்குலம். டம்ளரையே பார்த்துப் பழகிய கண்ணுக்கு, அடுத்த முறை கொடைக்கானலில் அது அண்டா வாய் மாதிரி தெரிந்தது.