ஆட்டு இதயமும் காசித்தும்பையும்: பத்தாம் வகுப்பு உயிரியலை இப்படியும் படிக்கலாம்

பத்தாம் வகுப்பு காலாண்டுத் தேர்வில் இதயப் படத்தை நான் அழகாகத்தான் வரைந்திருந்தேன். ஆனால் வலதுக்கு இடது, இடதுக்கு வலது என்று பாகங்களை மாற்றிக் குறித்துவிட்டேன். மதிப்பெண் பூஜ்யம். இப்போது மாலையில் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறேன். வருஷா வருஷம் யாராவது ஒரு பிள்ளை அதே தப்போடு வந்து நிற்கும்.

இதற்கு மருந்து சுலபம். படம் வெளியே தெரியும்படி புத்தகத்தை நெஞ்சோடு சேர்த்துப் பிடியுங்கள். இப்போது உங்கள் வலது கைப்பக்கம் இருப்பதுதான் வலது ஆரிக்கிள் (மேல் அறை), வலது வெண்ட்ரிக்கிள் (கீழ் அறை). புத்தகத்தில் இருப்பது நம்மைப் பார்த்து நிற்கும் ஆளின் இதயம், அவ்வளவுதான்.

அசைவம் சமைக்கும் வீடு என்றால் இன்னும் நல்லது. ஞாயிற்றுக்கிழமை கறிக்கடையில் ஆட்டு இதயத்தை வெட்டாமல் முழுசாகக் கேட்டு வாங்குங்கள். அதற்கும் நம்மைப் போல நான்கு அறைகள்தான். முதலில் விரலால் அழுத்திப் பாருங்கள். ஒரு பக்கம் கெட்டியாக இருக்கும், இன்னொரு பக்கம் அமுங்கும். கெட்டியான பக்கம் இடது வெண்ட்ரிக்கிள். உடம்பு முழுக்க ரத்தத்தைத் தள்ள வேண்டியது அதுதானே. வலதுக்கு, பக்கத்தில் இருக்கும் நுரையீரல் வரை அனுப்பினால் போதும். பெரியவர்கள் யாரையாவது நீளவாக்கில் வெட்டித் தரச் சொல்லுங்கள். உள்ளே வெள்ளை வெள்ளையாக, தையல் நூல் மாதிரி இழைகள் வால்வைப் பிடித்துக்கொண்டிருக்கும். புத்தகத்தில் ‘கார்டா டென்டினே’ என்று பயமுறுத்துவது இந்த நூலைத்தான். வால்வு பின்பக்கமாகப் புரண்டுவிடாமல் இழுத்துப் பிடிப்பது அதன் வேலை. ஒருமுறை தொட்டுப் பார்த்தால் அந்தப் பெயர் மறக்காது. பார்த்து முடித்ததும் என் அம்மா அதை மிளகு போட்டு வறுத்துவிட்டார், அது வேறு கதை.

அன்றைக்கு ராத்திரியே புத்தகத்தை மூடி வைத்துவிட்டுப் படத்தை வரையுங்கள். விட்டுப்போனதைத் திறந்து பார்த்து, மறுநாள் மறுபடியும் மூடி வைத்து வரையுங்கள். பார்த்து வரைவது கைக்குத்தான் பயிற்சி, மூளைக்கு இல்லை.

பெயர்களை உடைத்துப் படியுங்கள். மூவிதழ் வால்வு என்றால் மூன்று இதழ், ஈரிதழ் என்றால் இரண்டு. தமிழ் மீடியத்தில் படிப்பவர்களுக்கு இது கொடுப்பினை. சிஸ்டோல், டயஸ்டோல் குழப்புகிறதா? சிஸ்டோல் என்றால் இதயம் சுருங்குவது; இரண்டுமே சகர வரிசை. மிச்சம் இருப்பது டயஸ்டோல், விரிவது.

தாவரப் பாடத்துக்குக் காசித்தும்பை போதும். வேரோடு பிடுங்கிக் கழுவி, சிவப்பு மை கலந்த தண்ணீரில் நிறுத்தி வையுங்கள். தண்டு கண்ணாடி மாதிரி இருப்பதால் சில மணி நேரத்தில் சிவப்புக் கோடுகள் மேலே ஏறுவது வெளியிலிருந்தே தெரியும். குறுக்கே நறுக்கினால் வட்டமாகச் சிவப்புப் புள்ளிகள். அதுதான் சைலம், தண்ணீர் ஏறும் குழாய். புளோயத்தில் போவது உணவு, அங்கே மை ஏறாது. இரண்டையும் மாற்றி எழுதும் பிள்ளைகளுக்கு நான் இந்தத் தண்டைத்தான் நீட்டுவேன்.

மெண்டலின் மரபியல் பாடத்தை மனப்பாடம் செய்யவே செய்யாதீர்கள். அது கணக்கு. கட்டம் போட்டு நெட்டை, குட்டையை நிரப்பிப் பார்த்தால் மூன்று நெட்டைக்கு ஒரு குட்டை, அதாவது 3:1, தானாக வரும். இரண்டு பண்புகளுக்கு 16 கட்டம் போட்டால் 9:3:3:1. கட்டத்தை ஒருமுறை நீங்களே நிரப்பிவிட்டால் விகிதத்தைத் தனியாகப் படிக்க வேண்டியதில்லை.

ஒரு மதிப்பெண் வினாக்களுக்குப் பாடத்தின் பின்பக்கக் கேள்விகளோடு நிற்காமல் வரிக்கு வரி வாசியுங்கள். இதில் குறுக்கு வழி எதுவும் எனக்குத் தெரியாது.

தேர்வுக்கு முந்தின ராத்திரி புதுப் பாடத்தைத் திறக்காதீர்கள். நான்கு வெள்ளைத் தாள் எடுத்துக்கொண்டு இதயம், நியூரான், சூல், மைட்டோகாண்ட்ரியா என்று ஆளுக்கு ஐந்து நிமிஷம் கொடுத்து வரையுங்கள். பென்சிலை மட்டும் சாயங்காலமே சீவி வைத்துவிடுங்கள்.