கார் அலாரம்: சைரன் சத்தத்தைக் கேட்டு முடிவு செய்யாதீர்கள்

சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டிலோ உங்கள் ஊரில் இருக்கும் ஆக்சசரீஸ் கடையிலோ போய்க் கார் அலாரம் வேண்டும் என்று கேளுங்கள். முதல் வேலையாக டெமோ போர்டில் இருக்கும் ரிமோட்டை அழுத்திக் காட்டுவார்கள். சைரன் ஆம்புலன்ஸ் மாதிரி, போலீஸ் வண்டி மாதிரி, இன்னும் என்னென்னவோ மாதிரி கத்தும். எது காதைக் கிழிக்கிறதோ அதுதான் நல்ல அலாரம் என்று நாமும் பணத்தை எடுத்து நீட்டுவோம். அலாரம் விஷயத்தில் நடக்கும் தவறுகளில் பாதிக்கு மேல் இந்த இடத்தில்தான் தொடங்குகின்றன.

சைரனின் வேலை ஆளைக் கூட்டுவது. நம் தெருக்களில் நள்ளிரவில் ஒரு கார் கத்தினால் யார் எட்டிப் பார்க்கிறார்கள்? "எவன் வண்டி இது" என்று திட்டிவிட்டுப் புரண்டு படுப்பதுதான் வழக்கம். வண்டியை நகரவிடாமல் நிறுத்துவது இம்மொபிலைசர் என்கிற வேறொரு சமாச்சாரம். சாவியின் பிளாஸ்டிக் தலைக்குள் ஒரு சின்னச் சிப் இருக்கும். அதற்குப் பேட்டரி கூடத் தேவையில்லை. இக்னிஷனைச் சுற்றியுள்ள காயில் அந்தச் சிப்புக்கு உயிர் கொடுத்து அதன் குறியீட்டைப் படிக்கும். இன்ஜினைக் கட்டுப்படுத்தும் ஈசிஎம் அந்தக் குறியீட்டை ஏற்றுக்கொண்டால்தான் வண்டி ஓடும். வெறும் சாவியை வெட்டிக்கொண்டு வந்தால் கதவு திறக்கும், இன்ஜின் ஓடாது.

இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை அமெரிக்காவில் ஹூண்டாய், கியா கார் வைத்திருந்தவர்கள் பட்டுத் தெரிந்துகொண்டார்கள். 2011 முதல் 2021 வரை அங்கே விற்ற இந்த இரண்டு நிறுவனங்களின் கார்களில், சாவியைத் திருகி ஓட்டும் மாடல்கள் பலவற்றில் இம்மொபிலைசர் இல்லை. பையன்கள் இக்னிஷனை உடைத்து, யூஎஸ்பி கேபிளின் முனையைச் சாவி போலத் திருகி வண்டியை எடுத்துக்கொண்டு போனார்கள். அதை வீடியோவாக டிக்டாக்கிலும் போட்டார்கள். பக்கத்தில் இருக்கும் கனடாவில் இந்த வேலை நடக்கவில்லை. அங்கே 2007-லேயே இம்மொபிலைசரைச் சட்டம் கட்டாயமாக்கிவிட்டது. 2023-இல் ஹூண்டாய் இலவசமாகக் கொடுத்த மென்பொருள் மாற்றத்தில் இரண்டு விஷயங்கள் இருந்தன. ஒன்று, அலாரம் கத்தும் நேரம் 30 விநாடியிலிருந்து ஒரு நிமிடமாக நீண்டது. இன்னொன்று, ரிமோட்டில் பூட்டிய வண்டி, சாவி இக்னிஷனுக்குள் இருந்தால்தான் கிளம்பும் என்று ஆனது. எது திருடனை அதிகம் கஷ்டப்படுத்தும் என்று நீங்களே சொல்லுங்கள்.

அதனால் கடைக்குப் போவதற்கு முன் உங்கள் காரில் இம்மொபிலைசர் இருக்கிறதா என்று பாருங்கள். ஓனர்ஸ் மேனுவலில் இருக்கும். இக்னிஷனை ஆன் செய்யும்போது டேஷ்போர்டில் சாவிப் படமோ பூட்டிய காரின் படமோ எரிந்து அணைந்தால் பெரும்பாலும் இருக்கிறது என்று அர்த்தம். இருந்துவிட்டால், "இன்ஜின் இம்மொபிலைசரோடு கூடிய அலாரம்" என்று கூடுதல் விலைக்கு விற்கப்படும் செட் உங்களுக்கு அவ்வளவாக உபயோகம் இல்லை. கதவையும் கண்ணாடியையும் காவல் காக்கும் எளிய அலாரம் போதும். பழைய வண்டி, இம்மொபிலைசர் இல்லை என்றால் கதை தலைகீழ்: செலவழிக்கும் பணம் முதலில் அதற்குத்தான் போக வேண்டும்.

எந்தத் திருட்டுக்குப் பயப்படுகிறீர்கள்?

இதைக் கேட்காமலேயே பலர் வாங்கிவிடுகிறார்கள். முழுக் காரையும் தூக்கிக்கொண்டு போவது ஒரு திருட்டு. கண்ணாடியை உடைத்து சீட்டில் கிடக்கும் லேப்டாப் பையை எடுப்பது வேறு. சக்கரத்தைக் கழற்றிக்கொண்டு செங்கல் மேல் வண்டியை நிறுத்திவிட்டுப் போவது மூன்றாவது வகை. மாருதி ஈகோ வைத்திருப்பவர்களுக்கு சைலன்சர் திருட்டு என்ற தனித் தலைவலி உண்டு. அதிலுள்ள, புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரின் பிளாட்டினம் வகை உலோகத்துக்காக அடியில் படுத்துக் கழற்றிவிடுகிறார்கள்.

சாதாரண அலாரம் இரண்டே விஷயங்களைக் கவனிக்கும்: கதவு திறந்ததா, வண்டி அதிர்ந்ததா. கண்ணாடியை உடைத்துக் கையை விட்டு எடுத்தால் கதவு திறக்கவே இல்லை. அதிர்வைக் கவனிக்கும் ஷாக் சென்சார்தான் கத்த வேண்டும். ஜாக்கி வைத்து மெதுவாகத் தூக்கினால் அதற்கும் தெரியாமல் போகலாம். வண்டி சாய்வதைக் கண்டுபிடிக்கும் டில்ட் சென்சார் தனியாக வேண்டும். நல்ல அலாய் வீல் போட்டு வண்டியைத் தெருவில் நிறுத்துகிறவர்கள் இதைக் கேட்டு வாங்குங்கள். லேப்டாப் கதைக்கு எந்த சென்சாரும் வேண்டாம், பையை டிக்கியில் போட்டால் போதும்.

ஷாக் சென்சாரில்தான் எல்லா அலாரமும் பெயரைக் கெடுத்துக்கொள்கிறது. தண்ணி லாரி போனால் கத்தும், பூனை பானெட் மேல் குதித்தால் கத்தும், தீபாவளி வாரம் முழுக்கக் கத்தும். மூன்று நாள் பொறுத்த பக்கத்து ஃப்ளாட்காரர் நான்காம் நாள் கதவைத் தட்டுவார். அப்புறம் நாம் சென்சாரை அணைத்துவிட்டு, அலாரம் போட்ட திருப்தியோடு மட்டும் தூங்குவோம். சென்சாரில் உணர்திறனைக் கூட்டிக் குறைக்க ஒரு சின்ன ஸ்க்ரூ இருக்கும். பொருத்தும் அன்றே ஊழியரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதைச் சரிசெய்யுங்கள். லேசாகத் தட்டினால் ஒரு சின்ன எச்சரிக்கை ஒலி, ஓங்கி அடித்தால் முழு சைரன் என்று இரண்டு படியாக வேலை செய்யும் சென்சார் நம் தெருக்களுக்குப் பொருந்தும். அதை எங்கே பொருத்துகிறார்கள் என்றும் பாருங்கள். வண்டியின் உறுதியான இரும்புப் பகுதியில் இறுக்கமாக உட்கார வேண்டும். வயர்க்கட்டோடு சேர்த்துத் தொங்கவிட்ட சென்சாருக்கு எது அதிர்ச்சி, எது ஆட்டம் என்று தெரியாது.

பெட்டியை விடப் பொருத்துகிற கை முக்கியம்

பிராண்டை ஒரு வாரம் ஆராய்ந்துவிட்டு, பொருத்துகிறவர் யார் என்று ஒரு நிமிடம் கூடப் பார்க்காமல் சாவியைக் கொடுத்துவிடுவது நம் வழக்கம். என்னைக் கேட்டால், நடுத்தரமான அலாரத்தை ஒழுங்காகப் பொருத்தினால் அது பல வருடம் உழைக்கும். விலை உயர்ந்ததை அவசரமாகப் பொருத்தினால் வண்டி நடுரோட்டில் நிற்கும்.

முதல் கேள்வி: வயர் கட்டிங் உண்டா, இல்லை செருகினால் சேரும் இணைப்பான கப்ளர் டு கப்ளரா? உங்கள் மாடலுக்கென்றே தயாரித்த கப்ளர் கிடைத்தால் ஒரிஜினல் வயரை வெட்ட வேண்டியதே இல்லை. கிடைக்காவிட்டால் வயரின் தோலைச் சீவி, முறுக்கி, கறுப்பு டேப் சுற்றி விடுவார்கள். நம் ஊர் மே மாத வெயிலில் மூடிய காருக்குள் அந்த டேப்பின் பசை இளகி வழிந்துவிடும். இணைப்பு சால்டர் செய்யப்பட்டு, மேலே, சூடாக்கினால் சுருங்கிப் பிடித்துக்கொள்ளும் ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போட்டிருக்க வேண்டும். அலாரத்துக்கு வரும் மின்சாரத்தில் தனி ஃபியூஸ் இருக்க வேண்டும். டேஷ்போர்டுக்குக் கீழே மஞ்சள் நிறத்தில் இருக்கும் வயர்களும் கப்ளர்களும் ஏர்பேகுக்கு உரியவை. அவற்றின் பக்கம் கையே போகக்கூடாது.

வெட்டிய வயரால் பிரச்சினை வந்தால், அந்தப் பகுதிக்கு வாரண்டி கிடையாது என்று சர்வீஸ் சென்டரில் கையை விரிப்பார்கள். மின்கசிவால் தீப்பிடித்தால் இன்சூரன்ஸ் சர்வேயரும் முதலில் தேடுவது வெளியில் பொருத்திய சாமான்களைத்தான். வாரண்டி இன்னும் முடியாத வண்டி என்றால், கம்பெனியே ஆக்சசரியாக விற்கும் செக்யூரிட்டி சிஸ்டம் விலை கூடுதலாக இருந்தாலும் பரவாயில்லை என்பேன்.

சைரனின் இடமும் முக்கியம். வாய் கீழ்நோக்கி இருந்தால்தான் மழைத்தண்ணீர் தேங்காது. ஆனால் வண்டிக்கு அடியிலிருந்து கை எட்டி வயரைப் பிடுங்கும் இடத்தில் இருக்கக்கூடாது. உள்ளே தனிப் பேட்டரி உள்ள சைரன் என்றால் கார் பேட்டரியைக் கழற்றினாலும் தொடர்ந்து கத்தும். சில செட்டுகளில் ரிமோட் தொலைந்தால் அலாரத்தை நிறுத்த வேலே சுவிட்ச் என்று ஒரு ரகசியப் பொத்தான் உண்டு. கடைக்காரர்கள் அதை எல்லா வண்டியிலும் ஒரே இடத்தில் ஒட்டிவிடுவார்கள். அப்புறம் அதில் என்ன ரகசியம்? வேறு இடம் கேளுங்கள்.

வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே போனிலிருந்து இன்ஜினை அணைக்கலாம் என்று சொல்லி விற்கும் வசதியில் எச்சரிக்கையாக இருங்கள். இன்ஜின் நின்றதும் பவர் ஸ்டியரிங் கனக்கும். ஓரிரு முறை மிதித்த பின் பிரேக் பெடல் கல்லாகிவிடும். இன்ஜினை அணைக்கும் ரிலே என்கிற சுவிட்ச் பழுதாகி அது தானாக நடந்தால் உள்ளே இருப்பது திருடன் அல்ல, உங்கள் குடும்பம். அணைந்து நிற்கும் வண்டியை மறுபடி ஸ்டார்ட் ஆகவிடாமல் தடுத்தால் போதும்.

பேட்டரியையும் கணக்கில் வையுங்கள். சும்மா நிற்கும் காரே 50 மில்லி ஆம்பியர் வரை இழுப்பது சகஜம். அலாரமும், வண்டி எங்கே இருக்கிறது என்று காட்டும் ஜிபிஎஸ் டிராக்கரும் சேர்ந்து இன்னொரு 50 இழுத்தால் ஒரு நாளைக்கு மொத்தம் 2.4 ஆம்பியர் ஹவர் போகும். சின்னக் காரில் இருப்பது 35 ஆம்பியர் ஹவர் பேட்டரி. இரண்டு வாரம் ஊருக்குப் போய் வந்தால் காலி.

புஷ் ஸ்டார்ட் ஆசை

அலாரத்தோடு சேர்த்து புஷ் பட்டன் ஸ்டார்ட்டும் போட்டுத் தருகிறோம் என்பார்கள். சாவி வண்டிக்கு இது எப்படிச் சாத்தியம் என்று யோசித்தீர்களா? இம்மொபிலைசருக்குச் சிப் தெரிந்தே ஆக வேண்டும். அதனால் உங்கள் இரண்டாவது சாவியை வாங்கி, அதிலுள்ள சிப்பை எடுத்து இக்னிஷன் காயிலுக்குப் பக்கத்தில் நிரந்தரமாக மறைத்து வைத்துவிடுவது பரவலான முறை. அதாவது கம்பெனி கொடுத்த உண்மையான பாதுகாப்பை, அலங்காரத்துக்காக நாமே பணம் கொடுத்துக் கழற்றுகிறோம். நாளைக்கு வண்டி காணாமல் போனால் இன்சூரன்ஸ் கம்பெனி இரண்டு சாவியையும் கேட்கும். ஒன்று திருடனோடு போய்விட்டது என்று எப்படி எழுதிக் கொடுப்பீர்கள்?

பையில் இருந்தாலே காரைத் திறந்து கிளப்பவிடும், கம்பெனியே கொடுக்கும் ஸ்மார்ட் கீயிலும் ஒரு ஓட்டை உண்டு. வீட்டுக்குள் கிடக்கும் சாவியின் சிக்னலை ஒரு கருவி பிடித்து, கார் அருகில் நிற்கும் இன்னொரு கருவிக்கு அனுப்பினால், சாவி பக்கத்தில் இருப்பதாகக் கார் நம்பிவிடும். சுவிட்சர்லாந்தின் இ.டி.எச். சூரிக் ஆய்வாளர்கள் 2011-லேயே 10 மாடல்களில் இதைச் செய்து காட்டினார்கள். கதவு முறைப்படி திறப்பதால் அலாரம் வாயே திறக்காது. சாவியை சிக்னல் தடுக்கும் பையில் வைப்பதும், வாசல் ஆணியில் மாட்டாமல் இருப்பதும் இதற்கு மலிவான வழி.

ரிமோட் வாங்கும்போது அது ரோலிங் கோடா, அதாவது ஒவ்வொரு முறை அழுத்தும்போதும் குறியீடு மாறுமா என்று கேளுங்கள். ஒவ்வொரு முறையும் ஒரே குறியீட்டை அனுப்பும் மலிவு ரிமோட்டைப் பதிவு செய்து நகலெடுப்பது பெரிய வித்தை இல்லை. ரோலிங் கோடையும் ஏமாற்றலாம் என்று 2015-இல் சாமி காம்கர் என்ற பாதுகாப்பு ஆய்வாளர் காட்டியிருக்கிறார் என்றாலும், அது அவ்வளவு சுலபமில்லை. பூட்டிய பிறகு கைப்பிடியை ஒரு தடவை இழுத்துப் பாருங்கள். ஜாமர் வைத்து ரிமோட் சிக்னலைத் தடுத்திருந்தால் அங்கேயே தெரிந்துவிடும்.

ஜிபிஎஸ் இருந்தால் போதுமா?

டிராக்கர் திருட்டைத் தடுக்காது, திருடிய பின் வழி காட்டும். அதுவும் சிம் ரீசார்ஜ் இருந்தால்தான். முதல் வருடம் இலவசம் என்று வாங்கி, இரண்டாம் வருடம் மறந்துவிடுகிறவர்கள் ஏராளம். 2ஜி-யில் மட்டும் வேலை செய்யும் டிராக்கரில் ஜியோ சிம் எடுபடாது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். 123456 போன்ற பாஸ்வேர்டோடு வந்தால் அன்றே மாற்றுங்கள். பெரிய பெயர் என்பதால் ஆப் பத்திரம் என்றும் நினைக்க வேண்டாம். பண்டோரா, வைப்பர் ஆகிய இரண்டு அலாரங்களின் ஆப்களில் இருந்த ஓட்டை வழியாக அடுத்தவர் கணக்கைக் கைப்பற்றி, காரைத் தேடிப் பிடித்துக் கதவையும் திறக்க முடியும் என்று 2019-இல் பென் டெஸ்ட் பார்ட்னர்ஸ் என்ற பிரிட்டிஷ் நிறுவனம் காட்டியது. பண்டோரா அதற்கு முன்பு வரை தன்னை ஹேக் செய்யவே முடியாது என்று விளம்பரம் செய்துகொண்டிருந்தது. பிறகு இரண்டு நிறுவனங்களும் ஓட்டையை அடைத்துவிட்டன.

இன்சூரன்ஸ் தள்ளுபடிக்காக மட்டும் அலாரம் வாங்காதீர்கள். நம் நாட்டு வாகன இன்சூரன்ஸுக்கான மோட்டார் டாரிஃப் விதிப்படி, புனேயில் உள்ள ஏஆர்ஏஐ என்ற வாகன ஆராய்ச்சி அமைப்பு அங்கீகரித்த கருவியைப் பொருத்திச் சான்றிதழ் வாங்கினால், சொந்தச் சேதப் பிரீமியத்தில் 2.5 சதவீதம், அதிகபட்சம் 500 ரூபாய். அவ்வளவுதான். தேர்ட் பார்ட்டி பாலிசி மட்டும் வைத்திருக்கிறவருக்குத் திருட்டுக்கு ஒரு பைசா கிடைக்காது. அப்படிப்பட்டவர் அலாரத்துக்கு முன் பாலிசியைக் கவனிக்க வேண்டும்.

கியரை அசையவிடாமல் பூட்டும் கியர் லாக் என்ற பழைய இரும்புச் சாமானை யாரும் இப்போது மதிப்பதில்லை. அதற்கு சிக்னலும் இல்லை, ஆப்பும் இல்லை. உடைக்க நேரமும் சத்தமும் ஆகும். இரவில் தெருவிலேயே நிற்கும் வண்டிக்கு நான் அலாரத்தோடு இதையும் சேர்த்துப் போடச் சொல்வேன்.

பழைய கார் வாங்கியவர்கள் இன்னொன்றும் செய்ய வேண்டும். முந்தைய உரிமையாளரிடம் இரண்டாவது சாவி இருக்கலாம், அலாரத்தில் அவருடைய ரிமோட் இன்னும் பதிவாகி இருக்கலாம், டேஷ்போர்டுக்குள் அவர் போட்ட டிராக்கர் வேலை செய்துகொண்டே இருக்கலாம். விற்ற வண்டியை டிராக்கரில் பார்த்து, மாற்றுச் சாவியால் திரும்ப எடுத்துக்கொண்டு போகிற மோசடி நம் நாட்டில் நடந்திருக்கிறது. சர்வீஸ் சென்டரில் பழைய சாவிகளை அழித்து, உங்களிடம் இருக்கும் சாவிகளை மட்டும் பதிவு செய்யச் சொல்லுங்கள். அலாரம் ரிமோட்டுக்கும் அதே வேலையைச் செய்ய வேண்டும். டேஷ்போர்டைத் திறக்கும்போது உள்ளே என்னென்ன இருக்கிறது என்று எலக்ட்ரீஷியன் பக்கத்தில் நின்று நீங்களும் பாருங்கள்.