ஸ்விஃப்ட் காருக்கு அகலமான டயர்: அளவைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

மாருதி ஸ்விஃப்ட் எல்எக்ஸ்ஐ, விஎக்ஸ்ஐ வைத்திருப்பவர்கள் என்றைக்காவது ஒருநாள் இந்தக் கேள்விக்கு வந்து சேருவார்கள்: டயரை எவ்வளவு பெரிதாக்கலாம்? வண்டி எடை குறைவு, என்ஜின் துள்ளலாக இருக்கிறது, வளைத்து ஓட்ட ஆசை வருகிறது. ஆனால் ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறும் 40 கொண்டை ஊசி வளைவுகளில் நாலைந்தைக் கடப்பதற்குள் வண்டியோடு வந்த 165 மிமீ அகல டயர் கீச்சிட்டுத் தன் எல்லையைச் சொல்லிவிடும்.

என்னுடையது 2018-இல் வந்த தலைமுறை விஎக்ஸ்ஐ. டயர் தேய்ந்து மாற்றும் நேரம் வந்தபோது கடைக்குக் கடை ஒரு அளவு சொன்னார்கள். ஒருவர் 195/65 ஆர்15 என்றார், இன்னொருவர் 205/55 ஆர்16 என்றார். "நம்மகிட்ட நிறைய வண்டிக்குப் போட்டிருக்கோம் சார், ஒண்ணும் ஆகாது" என்பதுதான் இருவரும் சொன்ன காரணம். அது எனக்குப் போதவில்லை. உட்கார்ந்து கணக்குப் போட்டேன். அந்தக் கணக்கைத்தான் இங்கே தருகிறேன்.

டயர் பக்கவாட்டில் இருப்பதைப் படிக்க உங்களுக்குத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன். எல்எக்ஸ்ஐ, விஎக்ஸ்ஐயோடு வந்த 165/80 ஆர்14 என்றால் அகலம் 165 மிமீ, சைடுவால் (ரிம்மைச் சுற்றி நிற்கும் ரப்பர் பக்கச் சுவர்) உயரம் அந்த அகலத்தில் 80 சதவீதம், ரிம் 14 அங்குலம்.

படி 1: மொத்த விட்டம்

அகலத்தை விகிதத்தால் பெருக்கி 100-ஆல் வகுங்கள். வருவதை இரண்டால் பெருக்குங்கள். அதோடு ரிம் அங்குலத்தை 25.4-ஆல் பெருக்கிக் கூட்டுங்கள். 165/80 ஆர்14-க்கு 264 + 355.6 = 619.6 மிமீ. புதிய டயரின் விட்டம் இதற்கு எவ்வளவு கிட்டே இருக்கிறது என்பதுதான் முதல் வடிகட்டி. இணையத்தில் இதற்கென்றே தளங்கள் இருக்கின்றன. ஆனாலும் போன் கால்குலேட்டரில் ஒருமுறை கையால் போட்டுப் பாருங்கள். கடையில் நின்றுகொண்டு புதிதாக ஒரு அளவைச் சொன்னால் அங்கேயே சோதிக்கலாம்.

185/70 ஆர்14: 614.6 மிமீ, 0.8% குறைவு
185/65 ஆர்15: 621.5 மிமீ, 0.3% அதிகம்
195/60 ஆர்15: 615 மிமீ, 0.7% குறைவு
195/55 ஆர்16: 620.9 மிமீ, 0.2% அதிகம்
205/55 ஆர்16: 631.9 மிமீ, 2% அதிகம்
195/65 ஆர்15: 634.5 மிமீ, 2.4% அதிகம்

பொதுவாக 2 சதவீதத்துக்குள் இருந்தால் போதும் என்பார்கள். நான் 1 சதவீதத்தில் நிற்பேன். விட்டம் கூடினால் ஸ்பீடோமீட்டர் காட்டுவதைவிட வண்டி வேகமாகப் போகும். கிலோமீட்டர் கணக்கு குறைந்து விழும். கியர் விகிதம் நீண்டுவிட்ட மாதிரி ஆகி, மலை ஏறும்போது இரண்டாவது கியரில் இழுவை மந்தமாகும். வளைவில் துள்ளலாக ஓட்டத்தானே டயரையே மாற்றுகிறோம்? கடையில் சொன்ன இரண்டு அளவுகளும் எனக்கு இந்த இடத்திலேயே விழுந்துவிட்டன.

இந்தப் பட்டியலில் 185/65 ஆர்15-ஐத் தனியாகக் கவனியுங்கள். இதே ஸ்விஃப்ட்டின் இசட்எக்ஸ்ஐ வேரியன்ட்டில் மாருதியே போட்டுத் தரும் அளவு அது. வண்டியைத் தயாரிப்பாளரின் விவரக்குறிப்பிலிருந்து மாறுபடும்படி மாற்றக் கூடாது என்கிறது 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு. அதே மாடலுக்குக் கம்பெனி கொடுத்த அளவுக்குள் நின்றுகொண்டால் அந்தக் கவலைக்கே பெரிதாக இடமில்லை.

படி 2: சுமைக் குறியீடும் வேகக் குறியீடும்

அளவுக்குப் பின்னால் 85, 88 என்று ஒரு எண்ணும் ஒரு ஆங்கில எழுத்தும் இருக்கும். 85 என்றால் ஒரு டயர் 515 கிலோ தாங்கும், 87 என்றால் 545, 88 என்றால் 560. எழுத்து டயர் தாங்கும் உச்ச வேகம்: எஸ் மணிக்கு 180 கிமீ, டி 190, எச் 210. வண்டியோடு வந்ததைவிட இரண்டுமே குறையக் கூடாது. அவ்வளவுதான் விதி.

பின்னர் சேர்த்தது: இசட்எக்ஸ்ஐ வைத்திருக்கும் ஒரு வாசகர் 195/55 ஆர்16 போடலாமா என்று கேட்டிருந்தார். அந்த அளவு பெரும்பாலும் 87-இல் வருகிறது. அவருடைய வண்டியில் இருப்பது 88. அப்படிப்பட்டவர்கள் அதே அளவில் எக்ஸ்எல் (கூடுதல் சுமை தாங்கும் வகை) என்று குறித்த, 91 சுமைக் குறியீடு கொண்ட டயரைத் தேடுங்கள். கிடைக்கவில்லை என்றால் 16 அங்குல ஆசையை விட்டுவிடலாம்.

படி 3: ரிம் அகலம்

எல்லா டயரும் எல்லா ரிம்மிலும் உட்காராது. 185/65-க்கு 5 முதல் 6.5 அங்குல ரிம் சரி. 195/55, 195/60 இரண்டுக்கும் 5.5 முதல் 7 வரை. புது ரிம் வாங்கப் பணம் இல்லை என்றால், இருக்கும் 5 அங்குல ஸ்டீல் ரிம்மிலேயே 185/70 ஆர்14 போட்டுக்கொள்ளலாம். செலவு டயருக்கு மட்டும்தான், தரையிலிருந்து உயரம் 2.5 மிமீ மட்டுமே குறையும். மாதச் சம்பளக்காரர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்த வழியைத்தான்.

படி 4: ஆஃப்செட்

என்னை அதிக நேரம் நிறுத்தி வைத்த படி இதுதான். விட்டம், அகலம் எல்லாம் பொருந்தியும் சிலருக்கு டயர் உரசுகிறது, சிலருக்கு உரசுவதில்லை. ஏன் என்று புரியாமல்தான் கிடந்தேன். விடை ஆஃப்செட்டில் இருக்கிறது.

ரிம்மின் அகலத்தில் சரிபாதியில் ஒரு கோடு போட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கோட்டுக்கும், ரிம் ஹப்பில் (வண்டியில் சக்கரத்தை மாட்டும் நடுப்பகுதி) போய் ஒட்டும் முகத்துக்கும் உள்ள தூரம்தான் ஆஃப்செட். ரிம்மில் ஈடி என்ற எழுத்துகளுக்குப் பக்கத்தில் மிமீ கணக்கில் பொறித்திருக்கும். எண் கூடக்கூட சக்கரம் வண்டிக்கு உள்ளே போகும், குறையக்குறைய வெளியே வரும். "கூடினால் வெளியே" என்றுதான் மனது சொல்லும். இது அப்படியே நேர்மாறு, அதனால் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

கணக்கு சுலபம். டயர் அகலம் எவ்வளவு கூடுகிறதோ அதில் பாதி வெளியே போகும், பாதி உள்ளே போகும். ஆஃப்செட் எவ்வளவு குறைகிறதோ அதை வெளிப்பக்கத்தில் கூட்டி, உள்பக்கத்தில் கழியுங்கள்.

பழைய ரிம் ஈடி 45 என்று வைத்துக்கொள்வோம். 165-லிருந்து 185-க்கு, அதே 45-இல் போனால் வெளியே 10 மிமீ, உள்ளே 10 மிமீ. 195-க்கு ஈடி 38 ரிம்மில் போனால் வெளியே 15 + 7 = 22 மிமீ, உள்ளே 15 − 7 = 8 மிமீ. ரிம் அகலமானால் டயர் இன்னும் கொஞ்சம் விரியும், அரை அங்குலத்துக்குச் சுமார் 5 மிமீ. அதற்கும் இடம் விடுங்கள்.

இனி வண்டியில் இடம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இதற்கு விலை உயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். கொத்தனார் வைத்திருக்கும் தூக்குக்குண்டு போதும், இல்லாவிட்டால் நூலில் ஒரு நட்டைக் கட்டிக்கொள்ளுங்கள். ஃபெண்டர் விளிம்பிலிருந்து நூலைத் தொங்கவிட்டு, நூலுக்கும் டயரின் வெளிப்பக்கத்துக்கும் உள்ள இடைவெளியை அளந்தால் வெளிப்பக்க இடம் தெரியும். உள்பக்கத்துக்கு, டயருக்கும் சஸ்பென்ஷன் ஸ்ட்ரட்டுக்கும் நடுவில் அட்டையை மடித்து மடித்துச் செருகி, இறுக்கமாக நின்றதும் எடுத்து அதன் தடிமனை அளக்கலாம். ஸ்டீயரிங்கை இருபுறமும் முழுசாகத் திருப்பிவைத்து உள் மட்கார்டு பக்கமும் பாருங்கள். முன்சக்கரம், பின்சக்கரம் இரண்டையும் அளக்க வேண்டும். பின்பக்கத்தை எல்லோரும் விட்டுவிடுகிறார்கள், ஆனால் பின்சீட்டில் மூன்று பேர் உட்கார்ந்து வண்டி ஸ்பீட் பிரேக்கரில் இறங்கும்போது முதலில் உரசுவது அங்கேதான்.

சக்கரம் வெளியே துருத்திக்கொண்டு நின்றால் பார்க்கக் கம்பீரமாகத் தெரியும். ஆனால் வீல் பேரிங் மேல் சுமை கூடும், பள்ளம் மேடுகளில் ஸ்டீயரிங் கையைப் பிடித்து இழுக்கும், மழையில் சேறெல்லாம் கதவில் அடிக்கும். கம்பெனி ஆஃப்செட்டிலிருந்து 5 மிமீக்கு மேல் நான் நகர மாட்டேன்.

படி 5: பிசிடி, சென்டர் போர், நட்

ஸ்விஃப்ட்டுக்கு பிசிடி (எத்தனை நட், அவை நிற்கும் வட்டத்தின் விட்டம் எத்தனை மிமீ) 4×100, சென்டர் போர் எனும் நடு ஓட்டை 54.1 மிமீ, நட் எம்12×1.25. வெளியில் விற்கும் அலாய் ரிம்களில் பல, நிறைய கார்களுக்குப் பொருந்தட்டும் என்று நடு ஓட்டையைப் பெரிதாக விட்டு வருகின்றன.

பின்னர் சேர்த்தது: "பேலன்சிங் இரண்டு தடவை செய்தும் 90 கிமீ வேகத்தில் ஸ்டீயரிங் நடுங்குகிறது" என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். அவர் போட்டது பெரிய ஓட்டை உள்ள அலாய், ஓட்டைக்கும் ஹப்புக்கும் நடுவில் உள்ள இடைவெளியை அடைக்கும் ஹப் ரிங் போடவில்லை. அதனால் சக்கரம் துல்லியமாக நடுவில் உட்காரவில்லை. ரிம்மின் ஓட்டைக்கும் 54.1-க்கும் சரியாகப் பொருந்தும் ரிங்கை நாலு சக்கரத்துக்கும் போட்டதும் நடுக்கம் நின்றது. அலாய் வாங்கும்போதே ரிங்கையும் கேட்டு வாங்குங்கள். நட்டின் அடிப்பாகம் கூம்பா உருண்டையா என்பதையும் பாருங்கள். ரிம்மில் உள்ள குழிக்கு அது பொருந்தாவிட்டால் இறுகியது போலத் தெரியும், ஆனால் பிடிமானம் இருக்காது.

படி 6: என் தேர்வு

நான் போட்டது 185/65 ஆர்15. இசட்எக்ஸ்ஐயில் வரும் கம்பெனி அலாயையே செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். 16 அங்குலத்துக்கு மாறுகிறவர்கள் கழற்றிப் போட்டது நல்ல நிலையில் கிடைக்கிறது. டிசைனை மட்டும் நகலெடுத்த மலிவான புது அலாயைவிட இது எவ்வளவோ மேல். ஆஃப்செட், நடு ஓட்டை, நட் எல்லாம் தானாகப் பொருந்திவிடும். வாங்குமுன் பேலன்சிங் மெஷினில் டயர் இல்லாமல் சுற்றவிட்டுப் பாருங்கள். விளிம்பு அலைந்தால் வேண்டாம். வெல்டிங் வைத்த ரிம்மை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

195/55 ஆர்16 வளைவில் இன்னும் கூர்மையாக இருக்கும், அதை மறுக்கவில்லை. ஆனால் சைடுவால் உயரத்தைப் பாருங்கள்: 165/80-க்கு 132 மிமீ, 185/65-க்கு 120, 195/55-க்கு 107 மட்டுமே. இரவில் வெளிச்சமில்லாத சாலையில் பள்ளத்தில் இறங்கினால் அந்த ரப்பர்தான் ரிம்மைக் காக்க வேண்டும். நம் ஊர்ச் சாலைகளில் டயர் வீங்கியோ, ரிம் வளைந்தோ கடைக்கு வருவதில் குட்டையான சைடுவால்களே அதிகம் என்று டயர் கடைக்காரர்களே சொல்கிறார்கள். அகலம் கூடினால் தேங்கிய தண்ணீரில் டயர் சீக்கிரம் மிதக்கும் என்பதையும் நவம்பர் மழைக்கு ஓட்டுகிறவர்கள் நினைவில் வைக்க வேண்டும்.

பிராண்டைப் பொறுத்தவரை, ஈரச் சாலைப் பிடிமானமும் சத்தமின்மையும்தான் எனக்கு முதலில். நீண்ட உழைப்பு அதற்குப் பிறகு. அதனால் சற்று மென்மையான கலவை டயரையே எடுப்பேன். எந்த பிராண்டாக இருந்தாலும் பக்கவாட்டில் டிஓடி என்று தொடங்கும் வரிசையின் கடைசி நாலு இலக்கத்தைப் படியுங்கள், அது தயாரித்த வாரமும் ஆண்டும். 2324 என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். ஒரு வருடத்துக்கு மேல் கிடந்த டயரை முழு விலைக்கு வாங்க வேண்டாம்.

படி 7: மாட்டும் நாள்

நட்டுகளைக் காற்றுத் துப்பாக்கியால் கடைசிவரை இறுக்க விடாதீர்கள். குறித்த அளவுக்கு மட்டும் நட்டை இறுக்க உதவும் டார்க் ரெஞ்ச் ஒன்று சொந்தமாக வாங்குங்கள். இந்தப் பதிவிலேயே ஒரே ஒரு கருவிக்குத்தான் பணம் செலவழிக்கச் சொல்கிறேன், அது இதுதான். உரிமையாளர் கையேட்டில் உள்ள அளவுக்கு, எதிரெதிர் வரிசையில் இறுக்கி, 100 கிமீ ஓட்டியபின் மறுபடி சரிபாருங்கள். அலைன்மென்ட் கட்டாயம். காற்றுக்கு ஓட்டுநர் பக்கக் கதவுச் சட்டத்தில் உள்ள ஸ்டிக்கரில் தொடங்குங்கள். 16 அங்குலத்துக்குப் போனவர்கள் 1 அல்லது 2 பிஎஸ்ஐ கூட்டலாம். போனில் ஜிபிஎஸ் வேகத்தையும் ஸ்பீடோமீட்டரையும் 80-இல் ஒருமுறை ஒப்பிட்டுவிடுங்கள். ஸ்பீடோமீட்டர் கொஞ்சம் அதிகமாகக் காட்டுவது வழக்கம், குறைவாகக் காட்டினால் அளவு தப்பு. இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் அலாய் மாற்றியதை எழுத்தில் தெரிவியுங்கள்.

பின்னர் சேர்த்தது: ஸ்டெப்னியையும் மாற்ற வேண்டுமா என்று பலர் கேட்கிறார்கள். 185/65 ஆர்15 போட்டவர்களுக்கு வேண்டியதில்லை. பழைய 165/80 ஆர்14 சக்கரத்தோடு விட்ட வித்தியாசம் 2 மிமீதான், பஞ்சர் கடை வரை நிதானமாகப் போய்ச் சேரலாம். ஆனால் ஸ்டீல் ரிம்முக்கு உரிய நட்டுகளே அலாய்க்கும் பொருந்துகிறதா என்று பாருங்கள். வெளிக் கம்பெனி அலாயோடு வேறு நட்டு வந்திருந்தால், பழைய நட்டு நாலை ஒரு துணிப்பையில் போட்டு ஸ்டெப்னி குழியிலேயே வைத்துவிடுங்கள்.